ஜெசிந்தாவின் பார்வை வயது

காலை ஒன்பதரை மணிக்கு நாச்சியார் மேசையில் உட்கார்ந்து அன்றைய முதல் செயலிக்கு வயது போட்டாள். தூத்துக்குடி வயது நிர்ணயக் கூடத்தில் அவளுக்கு அது ஒன்பதாவது வருடம். வேலை கடினமானதல்ல. செயலியைத் திறந்து கடைசிவரை ஓட்டிப் பார்க்க வேண்டும். ரத்தம் உண்டா, வசைச்சொல் உண்டா, பயமுறுத்தும் படம் உண்டா என்று படிவத்தில் குறிக்க வேண்டும். பிறகு நான்கு, ஒன்பது, பதின்மூன்று, பதினெட்டு என்ற முத்திரைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். படிவத்தின் ஏழாவது கேள்வி, மூன்றாம் தரப்பு விளம்பரம் வருமா என்பது. அதற்கு என்ன பதில் குறித்தாலும் வயது மாறாது.

அந்த விளம்பரங்களை அவள் பார்த்ததே இல்லை. அவை செயலிக்குள் இருப்பதில்லை. ஒருவர் திரையைப் பார்க்கும் நொடியில் எங்கோ இருக்கும் ஏலப்பொறி அவர் கருவிழியைப் படித்து, அவருக்கென்று ஒன்றை எடுத்து அனுப்பும். அலுவலகக் கருவியில் கருவிழி வாசிப்பு கிடையாது. அதனால் விளம்பரம் வர வேண்டிய இடத்தில் முப்பது நொடிக்குச் சாம்பல் நிறக் கட்டம் ஒன்று தெரியும். நாச்சியார் அந்த நேரத்தில் தேநீரைக் குடிப்பாள்.

பத்தரை மணிக்கு ஒருவர் வந்து அவள் எதிரில் நின்றார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர் என்பது சட்டையிலேயே எழுதியிருந்தது. பெயர் ராயப்பன் என்றார். கையில் ஒரு தாளும், சிறுபிள்ளைகள் கட்டும் மஞ்சள் நிற மணிக்கட்டுத் திரையும் இருந்தன. உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை.

"புள்ளிக்கோலம்னு ஒரு செயலி. அதுக்கு நாலு வயசுன்னு போட்டது நீங்கதானா மேடம்?"

நாச்சியார் பதிவேட்டில் தேடினாள். அவள்தான். போன ஆவணியில் போட்டிருந்தாள். புள்ளிகளை இணைத்துக் கோலம் போடும் விளையாட்டு. ரத்தமில்லை, வசையில்லை. ஆமாம் என்றாள்.

அவர் நடந்ததைச் சொன்னார். அவருடைய மகள் ஜெசிந்தாவுக்கு ஒன்பது வயது. மூன்று வாரத்துக்கு முன் பள்ளியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். குடல்வால் வீங்கியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குழந்தைகள் பிரிவின் கதவு அவள் கண்ணைப் படித்துவிட்டுத் திறக்க மறுத்தது. அவள் பார்வை வயது இருபத்திரண்டு என்று காட்டியது. பெண்கள் பிரிவில் சேர்த்தார்கள். பெரியவர்களுக்குத் துணையாள் அனுமதியில்லை என்று தாயையும் தகப்பனையும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். வயது வந்தவளுக்காக வேறு யாரும் கையெழுத்துப் போட முடியாது என்பதால் அறுவைச் சம்மதத்தில் அவளையே போடச் சொன்னார்கள்.

ராயப்பன் தாளை மேசைமேல் விரித்தார். சம்மதப் படிவத்தின் நகல் அது. கீழே, பரீட்சைத் தாளில் எழுதுவதுபோல் கோடு பிசகாமல் எழுதியிருந்தது: ரா. ஜெசிந்தா, ஐந்தாம் வகுப்பு, ஆ பிரிவு.

"பிள்ள பொழைச்சுக்கிட்டா. அதுக்கு மாதாவுக்குத்தான் நன்றி சொல்லணும்" என்றார். "நாலு நாள் தனியாக் கெடந்தா மேடம். தண்ணி வேணும்னு யாருகிட்டக் கேக்கணும்னுகூட அவளுக்குத் தெரியல."

நாச்சியாருக்குப் பார்வை வயதுச் சட்டம் மனப்பாடம். முதலில் வந்த சட்டம் வேறு. மூன்றாம் தரப்பு விளம்பரம் காட்டும் செயலிக்கு, அதில் வரக்கூடிய விளம்பரங்களிலேயே மோசமானது எதுவோ அதற்கேற்ற வயதைப் போட வேண்டும் என்றது. அப்படிப் போட்டால் குழந்தைகள் செயலிகளில் பாதிக்கு மேல் பதினெட்டுக்குப் போயின. நிறுவனங்கள் வழக்குப் போட்டன. திருத்தச் சட்டம் வந்தது. விளம்பரம் செயலியைச் சேர்ந்ததல்ல, பார்ப்பவரைச் சேர்ந்தது என்று அது சொன்னது. ஒரு விளம்பரத்தை ஒருவர் முழுதாகப் பார்த்தால் அவர் அதைப் பார்க்கத் தகுந்தவர் என்று பொருள். அவருடைய பார்வை வயது அதற்கேற்ப ஏறும். பார்த்ததைப் பார்க்காததாக ஆக்க முடியாதென்பதால் அது தானாக இறங்காது. கண்ணைப் படிப்பது சுலபம் என்று பேருந்தும் வங்கியும் ஆஸ்பத்திரியும் அதையே எடுத்துக்கொண்டன. பிறப்புச் சான்றிதழை இப்போது யாரும் கேட்பதில்லை.

இதெல்லாம் அவளுக்கு ஒன்பது வருடமாகத் தெரியும். ஐந்தாம் வகுப்பு, ஆ பிரிவு என்பதை இன்றுதான் பார்த்தாள்.

மஞ்சள் திரையில் ஜெசிந்தா பார்த்த விளம்பரங்கள் வரிசையாகப் பதிவாகியிருந்தன. நாச்சியார் ஒவ்வொன்றாக ஓட்டினாள். ஒரு கோலம் முடிந்தால் அடுத்த கோலத்துக்குப் போக முப்பது நொடி விளம்பரம். நடுவில் மூட முடியாது. முதலில் பிஸ்கட்டும் செருப்பும் வந்தன. பிறகு பதின்மூன்று வயதுக்கான முகக் களிம்பு. அதைப் பார்த்ததால் வயது ஏற, இடுப்பைக் குறைக்கும் ஊசி. அதைப் பார்த்ததால் சீட்டாட்டம். அப்புறம் நொடியில் கிடைக்கும் கடன், மது, மறுமணத் தகவல் மையம். படிக்கு மேல் படியாக ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். பெரியவர்களுக்கான விளம்பரத்துக்குத்தான் ஏலத்தில் விலை அதிகம். குழந்தை செய்ததெல்லாம் அடுத்த கோலத்துக்காகக் காத்திருந்தது மட்டும்தான்.

நாச்சியார் எழுந்தாள். திரையையும் தாளையும் எடுத்துக்கொண்டு மேலதிகாரி மாசானமுத்துவின் அறைக்குப் போனாள். அவர் கெட்ட மனிதரல்ல. பொறுமையாகக் கேட்டார். தாளைப் பார்த்ததும் உச்சுக் கொட்டினார். ஆனால் சட்டப்படி எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார். வேண்டுமானால் அந்தப் பெண் வயதுக் குறைப்பு மனுப் போடலாம், ஆனால் அவளேதான் போட வேண்டும், அவள் மேஜர் அல்லவா என்றார்.

"சார், அவளுக்கு ஒம்பது வயசு."

"பொறந்து ஒம்பது வருசம் ஆகுது. அது வேற, வயசு வேறம்மா. நீங்க போட்ட நாலுல ஒரு தப்பும் இல்ல. ஒங்களுக்கு ஒண்ணும் வராது, பயப்படாதீங்க."

தனக்காகத்தான் அவள் பயப்படுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டது அவளை இன்னும் எரித்தது. தன் மேசைக்குத் திரும்பி வந்தாள். ராயப்பன் அதே இடத்தில் நின்றிருந்தார்.

முத்திரைக்குக் கீழே 'சிறப்புக் காரணம்' என்றொரு கட்டம் உண்டு. காரணம் எழுதினால் நிர்ணயாளர் தனக்குச் சரியென்று தோன்றும் வயதைப் போடலாம். நீக்க மறந்துபோன பழைய கட்டம் அது. அவளுக்குத் தெரிந்து யாரும் அதில் எழுதியதில்லை. நாச்சியார் புள்ளிக்கோலத்தைத் திரும்ப எடுத்தாள். நான்கை அழித்துப் பதினெட்டு போட்டாள். காரணக் கட்டத்தில் எழுதினாள்: 'இதில் யார் என்ன காட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு நான் குழந்தை வயது போட மாட்டேன்.'

அன்று மாலைக்குள் ஏழாவது கேள்விக்கு ஆம் என்றிருந்த எல்லாச் செயலிக்கும் அதே வயதையும் அதே வரியையும் போட்டாள். மறுநாளும் போட்டாள். பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்தார்கள். வேலை போனால் தன் இரண்டு பிள்ளைகளுக்கு வழியில்லை என்று சொல்லி ஒருவர் விலகி உட்கார்ந்தார். எவரும் அந்தக் கட்டத்தில் எழுதவில்லை. ஆறாம் நாள் அவளைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். அவள் போட்ட முத்திரைகளை ஒரே ஆணையில் ரத்து செய்தார்கள். காரணக் கட்டத்தையும் படிவத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். புள்ளிக்கோலம் மறுபடி நான்கு வயதுக்கு வந்தது.

பணிநீக்கத்துக்குப் பிறகு அவளிடம் நேரம் இருந்தது. ராயப்பன் வீட்டுக்குப் போய், வயதுக் குறைப்பு மனுவை எப்படி எழுதுவது என்று ஜெசிந்தாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஒல்லியான, கேட்டதற்கு உடனே பதில் சொல்லும் பிள்ளை. தையல் போட்ட இடத்தைச் சட்டைக்கு மேல் பிடித்துக்கொண்டே எழுதினாள்.

ஒன்றரை மாதம் கழித்து விசாரணைக்கு அழைப்பு வந்தது. மனுதாரர் மட்டும்தான் உள்ளே போகலாம். ராயப்பனும் நாச்சியாரும் கண்ணாடிச் சுவருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். உள்ளே பேசுவது ஒலிபெருக்கியில் கேட்டது. நாற்காலி உயரமானது. ஜெசிந்தாவின் கால் தரையைத் தொடவில்லை.

விசாரணை அலுவலர் இளைஞர். திரையில் இருந்த கேள்விகளைப் படித்தார். வயது வந்தவர்களுக்குத் தெரியக்கூடிய பன்னிரண்டு விஷயங்கள், அவை தெரியவில்லையென்றால் வயது குறையும் என்று நாச்சியார் கேள்விப்பட்டிருந்தாள். விளம்பரங்களில் வந்ததையே கேட்பார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"ஈடு இல்லாத கடன்னா என்னம்மா?"

"வீடும் வேண்டாம், நகையும் வேண்டாம், ஒரு பார்வை போதும்" என்றாள் ஜெசிந்தா. அந்த விளம்பரத்தின் ராகத்திலேயே சொன்னாள்.

நாச்சியார் எழுந்து கண்ணாடியைத் தட்டினாள். காவலர் வந்து அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். சீட்டாட்டத்தில் முதல் ஆட்டம் எதற்காக இலவசம், ஊசியை எத்தனை வாரம் போட வேண்டும், எந்த மது எந்த உணவோடு சேரும் என்று கேள்விகள் போய்க்கொண்டே இருந்தன. எதற்கும் ஜெசிந்தா தயங்கவில்லை. வகுப்பில் கைதூக்கிவிட்டுச் சொல்லும் பிள்ளைபோல ஒவ்வொரு பதிலுக்கும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ராயப்பன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

இளைஞர் கடைசிப் பதிலையும் குறித்துக்கொண்டார். அவர் முகமும் வாடியிருந்தது. பார்வை வயது இருபத்திரண்டு என்பது உறுதி செய்யப்படுவதாகப் படித்தார்.

கதவு திறந்தது. ஜெசிந்தா ஓடிவந்து அப்பாவின் கைகளை முகத்திலிருந்து விலக்கினாள். அவள் கண்கள் மின்னின.

"அப்பா, பன்னெண்டுக்குப் பன்னெண்டு. ஒண்ணுகூடத் தப்பில்ல."