மூன்றாம் அறையிலிருந்து

சென்ட்மெயிலை நிறுத்திய பிறகுதான் அந்த மெயில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையே ஓய்ந்து கிடந்தது. இறால் ஏற்றுமதி செய்யும் அந்தக் கம்பெனியின் சர்வர் அறையில், அதன் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சிவசங்கரி மட்டும் உட்கார்ந்திருந்தாள். தகரக் கூரையின் மேல் ஐப்பசி மழை ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. ஏசியின் ஈர வாடையோடு, எத்தனை முறை ஃபினாயில் ஊற்றிக் கழுவினாலும் போகாத இறால் கவிச்சியும் கதவிடுக்கு வழியாகக் கசிந்து வந்தது. கம்பெனியின் பழைய யூனிக்ஸ் மெஷினில் ஆரம்பம் முதலே இருந்த மெயில் மென்பொருள் சென்ட்மெயில். கொஞ்ச நாளாகக் கம்பெனி அனுப்பும் மெயில்கள் போன வேகத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தன. அந்த மென்பொருளை எடுத்துவிட்டு போஸ்ட்ஃபிக்ஸ் என்ற புதியதை வைப்பதற்காக, ஆள் நடமாட்டம் இல்லாத நாளாகப் பார்த்து, முதலியார்பேட்டையிலிருந்து ஸ்கூட்டியில் நனைந்தபடி வந்திருந்தாள்.

பழையதை நிறுத்தியாயிற்று. புதியதை இன்னும் ஓடவிடவில்லை. இந்த இடைவெளியில் அந்த மெஷினிலிருந்து ஒரு மெயிலும் வெளியே போக வழியில்லை. ஆனால் மேஜை மேலிருந்த அவளுடைய போன் அதிர்ந்தது. அனுப்பியிருந்தது எதிரே இருந்த அதே மெஷின். ஒரே வரி.

‘மூன்றாம் குளிர் அறை. உள்ளே ஆள்.’

குளிர் அறைக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் அழுத்துவதற்குக் கதவை ஒட்டி உள்சுவரில் சிவப்பு பட்டன் ஒன்று உண்டு. அழுத்தினால் இந்த மெஷினிலிருந்து மெயில் போகும். அது அவளுக்குத் தெரிந்ததுதான். ஆனால் கம்பெனியில் ஓடிக்கொண்டிருந்தவை இரண்டு குளிர் அறைகள் மட்டுமே.

என்னென்ன நிரல்கள் ஓடுகின்றன என்று பார்த்தாள். சென்ட்மெயில் இல்லை. அனுப்புவதற்காகக் காத்திருக்கும் மெயிலும் எதுவும் இல்லை. எங்கோ வழியில் சிக்கிக் கிடந்த பழைய மெயிலாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். போன் மறுபடியும் அதிர்ந்தது. அதே வரி. இப்போதுதான் அனுப்பப்பட்டிருந்தது.

எழுந்து போய் மெஷினின் பின்னாலிருந்த நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது. கேபிளைக் கையில் பிடித்தபடியே நின்றாள். மழைச் சத்தம். ஏசியின் முனகல்.

போன் அதிர்ந்தது.

அப்போதுதான் அந்த விதி நினைவுக்கு வந்தது. சென்ட்மெயிலின் பழைய அமைப்புகளைப் புதியதற்கு மாற்றும்போது, யாரோ எப்போதோ எழுதி வைத்த ஒரு விதியைப் பார்த்திருந்தாள். மூன்றாம் அறையிலிருந்து எந்த மெயில் வந்தாலும் யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிட வேண்டும். இல்லாத அறைக்கு எதற்கு விதி என்று அதை மட்டும் புதியதில் சேர்க்காமல் விட்டுவிட்டாள்.

வாட்ச்மேன் ராஜாங்கத்தைக் கூப்பிட்டாள். குடையை உதறிக்கொண்டே அவர் உள்ளே வந்தார்.

“மூணாவது ரூமா? நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே அத மூடிட்டாங்கம்மா. கரண்ட்டே கெடையாது. பழைய ஜெர்கினு, சாக்குன்னு கண்டதையும் போட்டு வச்சிருக்கு.”

“இன்னிக்கு யாராவது உள்ள போனாங்களா?”

“ஞாயித்துக்கெழம யாரு போவா? பேக்கிங்ல இருக்குற கமலாதான் ஜெர்கின மறந்துட்டேன்னு வந்துச்சு.” சொல்லிவிட்டு கேட் பக்கம் எட்டிப் பார்த்தவரின் முகம் மாறியது. “சைக்கிளு நிக்குதே. இன்னும் போவலயா அது?”

சிவசங்கரி ஓடினாள். போனை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. அதுவரை நெஞ்சில் கனத்துக்கொண்டிருந்த பயத்துக்கு ஒரு பெயர் கிடைத்ததில் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. கமலா. மாட்டிக்கொண்டிருப்பது கமலா. கதவைத் திறந்தால் சரியாகிவிடும்.

நடையின் கடைசியில் இருந்தது மூன்றாம் அறை. கிட்டே போகப் போக உள்ளிருந்து சத்தம் கேட்டது. உள்ளங்கையால் இரும்பைத் தட்டுவது போல, நம்பிக்கை இல்லாமல், விட்டு விட்டு. நீளமான கைப்பிடியை இருவருமாகத் தொங்கி இழுத்தார்கள். கதவு பெருமூச்சு விட்டதுபோல் திறந்தது. மூக்கை அரிக்கும் அம்மோனியா நெடியும், எலும்பைத் தொடும் குளிரும் முகத்தில் அறைந்தன.

“கரண்ட்டே இல்லன்னீங்களே?”

“இல்லம்மா. சத்தியமா இல்ல.” ராஜாங்கத்தின் குரல் இறங்கியிருந்தது. “இருங்க, டார்ச் எடுத்தாறேன். உள்ள போவாதீங்க.”

அவர் போனார். இருட்டுக்குள்ளிருந்து இருமல் கேட்டது. மெலிந்த பெண் குரல். பற்கள் தந்தியடிக்கும் ஓசை.

“கமலா?”

பற்களின் ஓசை மட்டும். அதைக் கேட்டுக்கொண்டு அவளால் வெளியே நிற்க முடியவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போனாள். காலில் சாக்கு தட்டியது. வெளியிலிருந்து வந்த சாம்பல் வெளிச்சம் ஓரிரு அடிக்கு மேல் எட்டவில்லை.

“பயப்படாத. நான்தான். கையக் குடு.”

ஓசை நெருங்கியது. அவள் கையை நீட்டினாள்.

“அக்கா?”

குரல் பின்னாலிருந்து வந்தது. வாசலிலிருந்து.

“யாரத் தேடுறீங்க? நான் மழைக்கு ஷெட்டுல ஒதுங்கி நின்னேங்க்கா.”

திரும்பினாள். வாசலில், ஜெர்கினைத் தலைமேல் போட்டுக்கொண்டு கமலா. அவளுக்குப் பின்னால் டார்ச்சோடு ராஜாங்கம்.

சிவசங்கரியின் காதருகே பற்களின் ஓசை நின்றது.

கதவை யாரும் தொடவில்லை. காற்றும் இல்லை. அது மெதுவாக நகர்ந்தது. கமலா தாவிப் பிடித்தாள். ராஜாங்கமும் பிடித்தார். இருவரையும் தள்ளிக்கொண்டே வந்தது. வெளிச்சம் கோடாயிற்று. பிறகு அதுவும் இல்லை.

“அக்கா!” எங்கோ தூரத்துத் தெருவில் யாரையோ யாரோ கூப்பிடுவதுபோல் இருந்தது.

அவள் மோதினாள். தட்டினாள். உள்பக்கத் தாழ்ப்பாள் துருப்பொடியாகக் கையோடு வந்தது. கத்தினாள். குரல் தன் வாயை விட்டே போகவில்லை என்று தோன்றியது. வெளியே அவர்கள் இடிக்கும் சத்தம் தேய்ந்தது. பிறகு மழையும்.

தலைக்கு மேல், கரண்ட்டே இல்லாத அறையில், காற்றாடி சுழல ஆரம்பித்தது.

குளிர். விரல் மரத்தது. மூச்சு முள்ளாகக் குத்தியது.

பட்டன். கதவை ஒட்டி, தோளுயரத்தில்.

தடவினாள். இரும்பு. இரும்பு. ஆணி. பிளாஸ்டிக் பெட்டியின் ஓரம்.

அதன் மேல் ஏற்கெனவே விரல்கள் இருந்தன. பனிக்கட்டி போல விறைத்த, மெல்லிய விரல்கள். அழுத்திக்கொண்டிருந்தன.

அவள் கை பட்டதும், மெல்ல நகர்ந்து, அவளுக்கும் இடம் விட்டன.