உள்ளங்கை அளவு வெளுப்பு

சீராக்க வாசலில் என் வேலை விளக்கைப் பார்ப்பது. மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் கைப்பெட்டிக்குள் இரண்டு கைகளையும் விடுவார்கள். மஞ்சள் எரிந்தால் அவர்கள் மேல் இருக்கக்கூடாத உயிர் ஏதோ இருக்கிறது, பெட்டி அதை அகற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பச்சைக்கு மாறியதும் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு ஊருக்குப் போகலாம்.

பெட்டி எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று குழந்தைகள் கேட்பார்கள். அந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெட்டி பார்ப்பதில்லை, முகர்கிறது. நம் தோலில் வாழும் நுண்ணுயிர் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு ஆவியை வெளிவிடுகிறது. உள்ளே இருக்கும் நுண்முகர்வான் அந்த ஆவிகளைப் பிரித்துப் பார்க்கும். பொதுத்தொகுதியில் இல்லாத வாசனை இருந்தால் மஞ்சள். கொடைக்கானலில் லூர்துவின் சீஸ் கடைக்குப் போய்விட்டு வந்தவர்களுக்குத்தான் மஞ்சள் அதிக நேரம் எரியும். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். நான் விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பொதுத்தொகுதி என்பது நாம் எல்லோரும் இப்போது சுமக்கும் ஒரே மாதிரியான நுண்ணுயிர்க் கூட்டம். மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகி, ஒரு சிராய்ப்புக்குக்கூட ஆட்கள் செத்துக்கொண்டிருந்த காலத்தில் அதைச் செய்தார்கள். அவரவர் தோலிலும் குடலிலும் இருந்ததை முழுக்கத் துடைத்துவிட்டு, யாருக்கும் தீங்கு செய்யாத ஒரே தொகுதியை எல்லோருக்கும் ஏற்றினார்கள்; அதற்குப் பெயர்தான் சீராக்கம். வேறெதையும் அண்டவிடாத மூர்க்கமான தொகுதி அது. போன இடத்திலெல்லாம் அதுவே ஜெயிக்கும்படி வளர்த்திருந்தார்கள். சாவுகள் நின்றன. அதோடு மனிதர்களின் வாசனையும் நின்றது. இப்போது யார் சட்டையை முகர்ந்தாலும் ஒரே சட்டைதான்.

மலையை மட்டும் நுண்ணுயிர்க் காப்பகமாக விட்டுவைத்தார்கள். பழைய உயிர்கள் எங்காவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அன்று மேலே குடியிருந்தவர்கள் அப்படியே இருக்கலாம். சமவெளிக்காரர்கள் பகலில் போய்விட்டு வரலாம், தங்க முடியாது. மேலே போகும்போது யாரையும் சோதிப்பதில்லை. சுத்தமானவர்கள் அங்கே எதைக் கொண்டுபோய்விடப் போகிறார்கள்?

என் கணவர் தேவசகாயம் லூர்துவின் கடையில்தான் சீஸ் செய்தார். வாரம் முழுக்க மலையில் இருப்பார், ஞாயிற்றுக்கிழமை வத்தலக்குண்டுக்கு வீட்டுக்கு வருவார். சீஸ் அறுக்கும் கம்பி விரலில் கீறிய ஒரு சின்னக் காயம், அதிலேயே போய்விட்டார். சீராக்கம் வருவதற்கு முந்தைய வருடம் அது. அதனால்தான் வாசலுக்கு ஆள் எடுத்தபோது முதல் ஆளாகப் போய் நின்றேன். முதல் நாளே என்னையும் துடைத்துச் சீராக்கினார்கள். இந்த வாசல் கொஞ்சம் முன்பே வந்திருந்தால் அவர் இருந்திருப்பார். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வருடத்தில் ஒரு நாள், அவர் இறந்த நாளில், விடுப்பு எடுத்துக்கொண்டு மேலே போவேன்.

இந்த முறையும் ஏரிக்குப் பின்னால் இருக்கும் லூர்துவின் கடைச் சந்தில் கூட்டம் தெருவரை நின்றது. எல்லாம் ஜோடி ஜோடியாக. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லூர்து கையுறையோடு துண்டுகளை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன தம்பி, மூக்கப் பொத்திக்கிட்டா எப்படி ருசி தெரியும்? கையை எடுங்க."

"செருப்பு நாத்தம் அடிக்குதுங்க."

"அதான் சார் விஷயமே. உங்க காலு இப்படி நாறுமா? நாறாதுல்ல? அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்து காசு குடுக்குறீங்க." பக்கத்தில் நின்ற புதுப்பெண்ணைப் பார்த்தாள். "நீ சாப்பிடு தாயி. இவரு இப்படியே நின்னுக்கிட்டு இருக்கட்டும்."

கூட்டம் சிரித்தது. அந்தப் பையனும் கடைசியில் சாப்பிட்டுவிட்டு இன்னொரு துண்டு கேட்டான். என்னைக் கண்டதும் லூர்துவின் சிரிப்பு லேசாகக் குறைந்தது.

"வாங்க அண்ணி. உள்ள போவோம்."

அவள் என் கணவரிடம் வேலை கற்றவள் அல்ல, அவரோடு சேர்ந்து சண்டை போட்டபடி வேலை செய்தவள். அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள்.

நிலவறையில் அவள் கையுறையைக் கழற்றினாள். மற்ற இடங்களில் கடையில் வெறுங்கை, வேலையில் கையுறை. இங்கே நேர்மாறு. காரணம் இருக்கிறது. அலமாரிகளில் அடுக்கியிருக்கும் சீஸ் வட்டுகளை உப்புநீரில் நனைத்த துணியால் அடிக்கடி துடைக்க வேண்டும். அந்த ஈரத்தில்தான் ஆரஞ்சு நிறத் தோல் படரும். தோலில் வளரும் உயிர்கள் மனிதத் தோலில் வாழ்பவற்றின் பங்காளிகள். துடைக்கிற கையிலிருந்தும் அவை குடியேறும். அதனால் துடைப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மூத்த வட்டு, பிறகு அதே துணியோடு அடுத்தது, கடைசியில் நேற்றுப் பிறந்தது. மூத்ததன் உயிர் இப்படித்தான் இளையதற்குப் போகிறது.

அந்த மூத்த வட்டு தேவசகாயம் கடைசியாகச் செய்தது. லூர்து அதை வெட்டவே இல்லை. கடையில் விற்கும் ஒவ்வொரு துண்டிலும் அதன் வழியாக அவர் கை கொஞ்சம் இருக்கிறது.

முதல் வருடம் அதை முகர்ந்தபோது அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சீஸ் வாசனையின் அடியில் எங்கள் தலையணை வாசனை இருந்தது. அவருடையது மட்டும் அல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே படுக்கையில் தூங்கியவர்கள் நாங்கள்; என் உயிர்களும் அவர் கையில் ஏறித்தான் மலைக்குப் போயிருக்கின்றன. உலகத்தில் வேறெங்கும் இல்லாத நாங்கள் இரண்டு பேரும் அந்தத் தோலில் இருந்தோம். அன்றிலிருந்து, வட்டைத் திருப்பும்போது அவர் பிடிக்கும் இடத்தில் என் உள்ளங்கையைப் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பது என் வழக்கம். கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் தொடுவேன். வாசல்காரர்களின் பழக்கம் அது.

இந்த முறையும் கழுவித் துடைத்துக்கொண்டு அருகில் போனேன்.

"அண்ணி, இந்தத் தடவ கை வைக்க வேணாம்."

"ஏம்மா? ஏதாவது பூச்சியா?"

அவள் விளக்கை இறக்கிக் காட்டினாள். ஆரஞ்சுத் தோலில் ஓர் இடம் வெளுத்துக் கிடந்தது. உள்ளங்கை அளவு. அதிலிருந்து விரல்கள் போல ஐந்து கீற்றுகள். ஒரு பக்கம் கீற்று தடித்து, ஓரத்தைத் தாண்டி இறங்கியிருந்தது. குனிந்து முகர்ந்தேன். அந்த இடத்தில் எந்த வாசனையும் இல்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த வெறுமை அது. தினமும் வாசலில் பச்சை விளக்கு எரியும்போது பெட்டிக்குள் இருப்பது அதுதான்.

கழுவிய கை காலியான கை என்று நினைத்திருந்தேன். காலியான கை என்று ஒன்று கிடையாது. மற்றதெல்லாம் கழுவிப் போனால் பொதுத்தொகுதிக்கு இடம் தாராளமாகிறது. ஊரில் குழந்தைகளுக்கு இதை விளக்கிச் சொல்கிறவளே நான்தான்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ரெண்டாவது வருஷமே லேசா வெளுத்துச்சு."

"சொல்லியிருக்கலாமே லூர்து."

"எப்படிச் சொல்ல? வருஷத்துக்கு ஒரு நாள் வர்றீங்க. வந்து அஞ்சு நிமிஷம் கைய வச்சுட்டுப் போறீங்க. அதையும் வேணாம்னு எந்த வாயால சொல்ல? அந்த எடத்த விட்டுட்டு மத்த எடத்துலதான் துணியப் போட்டுக்கிட்டு இருந்தேன். இத்தன நாளு அடங்கித்தான் இருந்துச்சு. மழைக்கு அப்புறம் ஓட ஆரம்பிச்சிருச்சு அண்ணி. இப்படியே விட்டா மூத்தது போயிரும். துணி வழியா கீழ இருக்கதும் போயிரும்."

"வெட்டணும்."

"ஆமா. வெளுத்ததோட நல்ல தோலும் கொஞ்சம் சேர்த்து. நீங்க வரட்டும்னுதான் வச்சிருந்தேன்."

பெரிய வட்டை அறுக்கும் கம்பிக்கு இரண்டு முனையிலும் மரப்பிடி உண்டு. இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுத்தால்தான் நேராக இறங்கும். கையுறை போட்டுக்கொண்டு ஒரு முனையை நான் பிடித்தேன்.

"அவர் வெரலக் கீறுன கம்பிதானே இது?"

"அது எப்பவோ தூக்கிப் போட்டாச்சு. இழுங்க. மெதுவா."

என் கையின் அச்சு முழுசாக வெளியே வந்து பலகையில் சாய்ந்தது. ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டேன். உப்பு மட்டும் தெரிந்தது. வெட்டிய பக்கத்தில் லூர்து உப்பைத் தேய்த்து, வட்டைத் திருப்பி வைத்தாள். மறுபக்கத்துத் தோல் செக்கச்சிவந்து, ஈரத்தோடு நன்றாக இருந்தது. பிழைத்துக்கொள்ளும்.

"இனிமே நான் உள்ள வரல."

"கையுறை போட்டுக்கிட்டு வாங்க அண்ணி. யாரு வேணாங்குறா?"

"என் மூச்சுலயும் அதுதான் இருக்கு. விடு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு, எல்லாரையும் மாதிரி ஒரு துண்டு வாங்கிக்கிறேன்."

லூர்து துணியை உப்புநீரில் நனைத்துப் பிழிந்தாள். பிறகு மூத்ததன் நல்ல பக்கத்தில் அதை அழுத்தித் தேய்த்து, என் கையுறையை உருவி, மணிக்கட்டைப் பிடித்து உள்பக்கமாகப் பூசினாள்.

"நீங்கதான் அதத் தொடக்கூடாது. அது உங்களத் தொடலாம்ல?" என்றாள். "அந்தத் துணி இனி எனக்கு வேணாம், எரிச்சுருவேன். இந்த வாசனைய வாசல் வரைக்கும் வச்சுக்கங்க."

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்தில் உட்கார வந்த பெண் மூக்கைச் சுளித்துவிட்டு வேறு இடம் பார்த்துப் போனாள். இருக்கை வாசல் வரை காலியாகவே இருந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி சாயும்போதெல்லாம் மணிக்கட்டை முகத்தருகே கொண்டுபோனேன். பொதுத்தொகுதி அதற்குள் வேலையைத் தொடங்கியிருக்கும் என்று தெரியும். அது அவசரப்படாது, நிற்கவும் செய்யாது. பாதி மலை இறங்கும்வரை தலையணை வாசனை தெளிவாக இருந்தது. பிறகு தேட வேண்டியிருந்தது.

வாசலில் அன்று காசிமாயன் முறை. மற்ற வருடங்களில் கடையிலிருந்து கிளம்பும்போதும் கை கழுவிவிட்டு வருவேன், பெட்டிக்குள் விட்டதும் பச்சை எரிந்துவிடும். காசி நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டான். இந்த முறை மஞ்சள் எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. பின்னால் வரிசை நீண்டது. யாரோ முணுமுணுத்தார்கள்.

"என்னக்கா, நின்னுக்கிட்டே இருக்கு? மிஷின் கோளாறா?" காசி எழுந்து வந்தான். "வேணும்னா அணைச்சுட்டுத் திரும்பப் போடவா?"

"வேணாம்பா. மிஷின் சரியாத்தான் இருக்கு," என்றேன். "நிக்கிற வரைக்கும் நிக்கட்டும்."

பெட்டிக்குள் இளஞ்சூடாக ஆவி படர்ந்தது. கைகளை அசைக்காமல் வைத்திருந்தேன். விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதுதானே என் வேலை.

பச்சை எரிந்தது.