விரிப்புக்கு அடியில் புல்

மேசை விரிப்பில் பெட்ரோல் வாசனை அடித்தது.

ப்ரோன்யா குனிந்து முகர்ந்தாள். கிறிஸ்துமஸ் விருந்துக்கு வழக்கம்போல விரிப்புக்கு அடியில் உலர்ந்த புல் பரப்பியிருந்தாள். கொட்டகைப் பரணிலிருந்து கணவன் வாவ்ஷெக் அள்ளி வந்த புல். பீட்ரூட் சூப்பின் புளிப்பு, கெண்டை மீன் பொரித்த எண்ணெய், உருகும் மெழுகு எல்லாவற்றையும் தாண்டி அந்த வாசனை மெல்ல மேலேறிக்கொண்டிருந்தது, கருகிய ரப்பரையும் சேர்த்துக்கொண்டு.

"புல்லை எங்கேருந்து எடுத்தீங்க?"

"கொட்டகையிலதான். பின்ன வார்சாவுக்குப் போயா எடுத்துட்டு வருவேன்?"

போன கோடையில், வார்சாவில் ஜெர்மன்காரர்களோடு சண்டை போட்டவர்களுக்கு ஆயுதம் போடப் போன குண்டுவீச்சு விமானத்தை ஜெர்மன்காரர்கள் சுட்டார்கள். இவர்கள் புல்வெளியில்தான் எரிந்து விழுந்தது. அதில் வந்த ஆறு பேரை ஊர் புதைத்தது. ஏழாமவன் பாராசூட்டை இழுத்துக்கொண்டு வந்து இந்தக் கதவைத் தட்டினான். போலிஷில் கெஞ்சினான். சொந்த நாட்டுக்காரன். கதவைத் திறந்தால் ஜெர்மன்காரன் வீட்டோடு கொளுத்துவான். வாவ்ஷெக் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டான். அவளும் பிடித்தாள். தட்டும் சத்தம் கதவில் கீழே கீழே இறங்கி, படி மட்டத்துக்கு வந்து நின்றது. பிறகு கொட்டகைப் பக்கம் ஏதோ உரசிக்கொண்டே போனது.

விடிந்ததும் வாவ்ஷெக் மட்டும் கொட்டகைக்குப் போய் வந்தான். "யாருமில்ல. போயிட்டான்."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது சுலபமாக இருந்தது. பரணுக்கு மட்டும் அதன்பின் அவள் ஏறவில்லை.

மேசையில் மூன்று பேர். நான்காவது தட்டு, சொல்லாமல் வரும் விருந்தாளிக்கு.

"யாராச்சும் வந்தா நல்லாயிருக்கும் அண்ணி," என்றாள் நாத்தனார் தெக்லா. "இன்னிக்கி யார் தட்டினாலும் தொறந்துடணும்ல?"

வாவ்ஷெக் தலை நிமிராமல் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான். ப்ரோன்யா சூப்பை விழுங்கினாள். ருசியே தெரியவில்லை.

சாப்பிட்டதும் ஆளுக்கொரு புல் உருவினார்கள். நீளமாக வந்தால் நீண்ட ஆயுள். தெக்லாவுக்கு நீளமாக வந்தது. வாவ்ஷெக்கினுடையது பாதியிலேயே ஒடிந்தது.

"பல்லு குத்தக்கூடப் பத்தாதுண்ணா," தெக்லா சிரித்தாள். "அண்ணி, நீங்க எடுங்க."

ப்ரோன்யா விரிப்புக்கு அடியில் கையை விட்டாள். புல். இன்னும் புல். பிறகு வழுவழுப்பாக ஏதோ ஒன்று. சில்லென்று.

உருவினாள்.

வெள்ளைக் கயிறு. பாராசூட்டின் பட்டுக் கயிறு.

வந்தது. வந்துகொண்டே இருந்தது. மடியில் சுருள் சுருளாக விழுந்தது. சில இடங்களில் கருகியிருந்தது. சில இடங்களில் ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது.

"என்ன அண்ணி அது?"

வாவ்ஷெக் கயிற்றைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தான்.

"விடு," என்றான். "ப்ரோன்யா, விட்டுடு."

விரல்கள் விடவில்லை.

கயிறு விறைத்து நின்றது. மேசைக்கு அந்தப் பக்கம், காலி நாற்காலிக்கு முன்னால், விரிப்பு ஒரு கை உயரத்துக்கு எழும்பியது. தட்டு நகர்ந்தது.

அங்கிருந்து யாரோ இழுக்கத் தொடங்கினார்கள். நிதானமாக. கை மாற்றி, கை மாற்றி.