சூடாக்கியும் சாகாத விஷம்

பகல் மூன்று மணிக்கு அப்பா குளியலறை வாசலில் மயங்கிக் கிடந்தார். உதடு வெளுத்திருந்தது. தானும் வாந்தியெடுத்து ஓய்ந்திருந்த மகள், சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து பார்த்து அலறினாள். அந்த வீட்டில் தெம்பாக நின்றது ஒருத்திதான்: அப்பாவின் இரண்டாவது மனைவி.

மாலைக்குள் அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில். குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பிய மகள், ஆஸ்பத்திரியின் தகவலில் வந்து சமையலறையில் நின்ற பெண் இன்ஸ்பெக்டரிடம் விரல் நீட்டிச் சொன்னாள்.

"சித்திதான் விஷம் வெச்சிருக்காங்க. கோழிக்கறிய எங்க ரெண்டு பேருக்குந்தான் போட்டாங்க. அவங்க வாயில வைக்கவே இல்ல."

"நான் கறியே சாப்பிடறதில்லையேம்மா." சித்தி மகளைப் பார்த்தாள்.

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் எலி மருந்து டப்பா கிடைத்தது. சித்தியின் முகத்தில் ஈயாடவில்லை. இன்ஸ்பெக்டர் அதன் மூடியை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"கறிய வேகவெச்சது யாரு?"

"நான். காலையில," என்றாள் சித்தி.

"எலும்பு எடுத்தது?"

"நான்தான்," என்றாள் மகள். "கையாலயே பிச்சுப் போட்டேன்."

"அப்புறம் பிரிட்ஜ்ல வெச்சியா?"

"மதியம் சாப்பிடத்தானே போறோம்னு மேடையிலயே மூடி வெச்சேன். பரிமாறும்போது சித்தி நல்லா கொதிக்க வெச்சாங்க."

"கட்டைவிரல்ல என்ன?"

"கத்தி பட்டுச்சு. சீழ் வெச்சிருக்கு." மகள் விரலை மடக்கிக்கொண்டாள். "அத ஏன் கேக்கறீங்க?"

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"எலி மருந்து டப்பாவோட சீல் கூட உடையல. விஷம் உன் விரல்லேர்ந்து வந்திருக்கு. சீழ்ல இருந்த கிருமி கறியில ஒட்டிக்கிச்சு. இந்தப் புழுக்கத்துல மணிக்கணக்கா வெளிய இருந்ததுல பெருகி, விஷத்தக் கக்கிடுச்சு. கொதிக்க வெச்சா கிருமி சாகும். அது கக்கின விஷம் சாகாது. டாக்டரும் அதத்தான் சந்தேகப்படறாரு. மிச்சக் கறி சோதனைக்குப் போயிருக்கு. புண்ணுக் கையால தொடாம இருந்திருந்தா, இல்ல உடனே பிரிட்ஜ்ல வெச்சிருந்தா, இவ்வளவு தூரம் வந்திருக்காது."

மகள் மடக்கிய விரலை விரித்துப் பார்த்தாள். "அப்போ... அப்பாவ நானா?"

தொலைபேசி அலறியது. ஆஸ்பத்திரியிலிருந்துதான். யாருக்கும் கை எழவில்லை. கடைசியில் சித்தி எடுத்தாள். கேட்டுக்கொண்டே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். மகள் காதைப் பொத்திக்கொண்டாள்.

சித்தி தவழ்ந்து வந்து அந்தக் கைகளை விலக்கினாள். "கண்ணு முழிச்சிட்டாராம்டி. பொண்ணு எப்படி இருக்கான்னுதான் மொதல்ல கேட்டாராம்."

மகள் நிமிரவே இல்லை. சித்தி அவளுடைய செருப்பைத் தேடி எடுத்து வந்து காலருகே போட்டாள்.

"கெளம்பு. நீயே வந்து சொல்லு."