ஆறாவது ஸ்பீக்கர்

ஐந்து ஸ்பீக்கர்களுக்குத்தான் வயர் போட்டிருந்தது. திரை ஆறு என்று காட்டியது.

பஸீர் கண்ணாடியைக் கழற்றி, உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். முன்னால் மூன்று, பக்கத்துக்கொன்றாக இரண்டு, அதுவரை சரி. அதற்குக் கீழே, பின்பக்கம், இன்னொன்று. தூரம் மூன்று புள்ளி நான்கு மீட்டர். சோஃபாவுக்குப் பின்னால் புதுக் கம்பளம் விரித்த வெறும் தரையும், அதற்கப்பால் கண்ணாடிப் பஞ்சு அடைத்துக் கறுப்புத் துணி போர்த்திய சுவரும் மட்டுமே இருந்தன.

"புது மெஷின்தானே முதலாளி, சில நேரம் இப்படிக் காட்டும்," என்றான் ரொமேஷ். வஹகோட்டைக்காரன், மாத்தளை டவுனில் ஓடியோ சாமான் விற்கும் கடையில் வேலை. படத்தின் சத்தத்தை வாங்கி ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுக்கிற ரிசீவர் இல்லாவிட்டால் ஹோம் தியேட்டர் வெறும் பெட்டிக் கூட்டம். வீட்டிலேயே வயர் கொடுத்துப் பூட்டிக் கேட்டு நல்லதைத் தெரிந்தெடுக்கட்டும் என்று இரண்டு ரிசீவர்களைக் காரில் ஏற்றி வந்திருந்தான்.

மத்தியானம் இரண்டு மணி. வெளியே பலாபத்வல ஊர் முழுவதும் மழை ஊற்றிக்கொண்டிருந்தது, தம்புள்ளைக்குப் போகிற மரக்கறி லொறிகள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின. எதுவுமே இந்த அறைக்குள் வராது. இரட்டைக் கதவு, இரட்டைத் திரைச்சீலை, பட்டப்பகலிலும் கும்மிருட்டு. மிளகும் கராம்பும் மொத்தமாக வாங்கி விற்கும் பஸீர், வீடு கட்டியபோது செய்யாத செலவையெல்லாம் இந்த ஓர் அறையில் கொட்டியிருந்தான்.

ரிசீவருக்கு அறையைப் பழக்குவது ஒரு தனிச் சடங்கு. சோஃபாவில் உட்காருகிறவனின் காது இருக்கும் உயரத்தில் சின்ன மைக் ஒன்றை நிறுத்த வேண்டும். ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றாக 'விர்ர்' என்று கத்தும். மைக் கேட்கும், மெஷின் தூரத்தைக் கணக்கிடும். அந்நேரம் வேறு ஒரு சத்தமும் இருக்கக்கூடாது. தும்மினாலும் போச்சு, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ரொமேஷ் முதல் ரிசீவரைக் கழற்றி மற்றதைப் பூட்டினான். அது வேறு கம்பனி, வேறு நாட்டுச் சாமான். அதுவும் ஆறு என்றது. பின்பக்கம், இரண்டு புள்ளி ஒன்று.

"கிட்ட வந்தீக்கி," என்றான் பஸீர். அது நெருங்கி வந்திருக்கிறது என்று தான் சொன்னது, சொன்ன பிறகுதான் அவன் காதிலேயே விழுந்தது.

ரொமேஷ் ஐந்து ஸ்பீக்கர்களின் வயரையும் உருவிப் போட்டுவிட்டு அளவீட்டை ஓடவிட்டான். முன்னால் இல்லை, பக்கத்தில் இல்லை என்று திரை வரிசையாக எழுதியது. பின்பக்கம் மட்டும் இருந்தது. அவன் கழுத்துச் சிலுவையைச் சட்டைக்கு மேலாகப் பிடித்துக்கொண்டான்.

"ஒரு வயர் கொண்டுவர மறந்துட்டேன் முதலாளி. டவுனுக்குப் போயிட்டு வந்துர்றேன்."

குடையை விட்டுவிட்டு மழைக்குள் ஓடினான். வரமாட்டான் என்பது பஸீருக்குத் தெரிந்தது. கூடப் போயிருக்கலாம். அந்தப் பின்பக்கம் எந்த இடம் என்பதும் அவனுக்குத்தான் தெரியும்.

அங்கேதான் வாப்பாவின் கட்டில் கிடந்தது.

எட்டு மாதத்துக்கு முன்பு இது இரண்டு அறை. இந்தப் பக்கம் பஸீரின் பழைய தியேட்டர், அந்தப் பக்கம் நுரையீரல் கெட்டுப்போன வாப்பா. காற்றை இழுத்து ஒட்சிசனைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும் மெஷின் இராப்பகலாக உறுமிக்கொண்டிருந்தது. ஒரு நாள் பழைய ரிசீவரைப் பழக்கும்போது 'சத்தம் அதிகம்' என்றே அது அடம்பிடித்தது. பஸீர் மின்விசிறியை நிறுத்தினான், பிரிட்ஜை நிறுத்தினான், கொல்லையில் நின்ற கோழியைக்கூட விரட்டினான். கடைசியில் வாப்பாவின் அறைக்குள் போனான். வாப்பா விழித்துத்தான் கிடந்தார். "அஞ்சு நிமிஷம் வாப்பா," என்று சொல்லி மெஷினின் பொத்தானை அமத்தி நிறுத்தினான்.

பழைய ரிசீவர் உடனே இணங்கிவிட்டது. சும்மா பார்ப்போமே என்று ஒரு படத்தைப் போட்டான். ஒரு காட்சி, இன்னும் ஒரே ஒரு காட்சி. மறந்துவிட்டான் என்று சொன்னால் அது பொய். எழும்ப மனம் வரவில்லை, அவ்வளவுதான். நடுவில், பின்பக்கமிருந்து மூன்று தட்டு கேட்டது. டொக், டொக், டொக். படத்தின் சத்தம் இவ்வளவு துல்லியமா என்று பஸீருக்குப் புல்லரித்தது. ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டான், படுபாவி.

அன்று காலையில் ஒரு மணித்தியாலம் கரண்ட் இல்லை. அது அவனுக்கு வசதியாகப் போனது. மத்தியான லுஹர் தொழுதுவிட்டு வந்த மனைவி றாபியா மாமனாரைப் பார்த்து அலறியபோது மெஷின் நின்றிருந்தது. ஓடி வந்த தங்கை ஸஜீதாவிடம் பஸீரின் வாய் தானாகவே சொன்னது: "கரண்ட் வந்த பொறகு றாபியா போட மறந்துட்டா போல."

அதோடு முடிந்தது றாபியாவின் வாழ்க்கை. ஸஜீதா இன்றுவரை அவள் கையால் ஒரு மிடறு தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. றாபியா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எழுந்து வீட்டிலுள்ள சுவிட்சுகளையெல்லாம் தொட்டுப் பார்ப்பாள். "நான் போட்ட மாதிரித்தான் ஞாபகம். போடல்லயா நான்?" என்று தினமும் கேட்பாள். ஒரு வார்த்தை சொன்னால் அவள் பிழைத்துவிடுவாள். பஸீர் சொன்னதெல்லாம், "அல்லாஹ்ட நாட்டம், விடு." வாப்பாவுக்கு நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த மறுநாள் மேசனைக் கூப்பிட்டு நடுச்சுவரை இடித்தான். பெரிய அறைக்குப் பெரிய ரிசீவர் வேண்டுமே.

திரையில் புதிதாக எழுத்து ஓடியது. 'அடுத்த அளவீடு ஆரம்பமாகிறது.'

அவன் எதையும் அமத்தவில்லை.

கம்பளத்தின் புதுவாசத்துக்குள்ளிருந்து டெட்டோலும் மூத்திரமும் கலந்த நெடி மெல்ல எழும்பி வந்தது. எட்டு மாதமாக இந்த அறையில் இல்லாத வாடை. ஸ்பீக்கர்கள் வாய் திறக்கவில்லை, அவற்றுக்குத்தான் வயரே இல்லையே. பிறகு, பின்பக்கமிருந்து கேட்டது.

டொக். டொக். டொக்.

ஒன்று புள்ளி இரண்டு.

பஸீர் மைக்கின் வயரைப் பிடுங்கி எறிந்தான். திரை அதைக் கண்டுகொள்ளவில்லை. கதவு திறந்தது. றாபியாதான். முக்காடு நழுவ, வெறுங்காலோடு நின்றாள்.

"மாமா தட்டுறாங்க," என்றாள்.

"ஒனக்குப் பைத்தியம். இது ஸ்பீக்கர்ர சத்தம். ஒன்ட ரூமுக்குப் பெய்த்துப் படு."

"தண்ணி வேணுமெண்டா இப்படித்தான் செவத்துல தட்டுவாங்க." அவள் கட்டில் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்டைக்கும் தட்டியிருப்பாங்க. குசினியில அடுப்படியோட நிண்டேன், எனக்குக் கேக்கல்ல. எத்தன தரம் தட்டினாங்களோ, எவ்வளவு நேரம் தட்டினாங்களோ..."

"மூணே மூணு தரம்தான்," என்றான் பஸீர் எரிச்சலோடு.

றாபியா மெதுவாகத் திரும்பினாள். "அப்ப உங்களுக்குக் கேட்டீக்கி."

அவள் அவனைப் பார்த்தாள், தரையில் கிடந்த மைக்கைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். அவள் பேசியதால் அளவீடு தடைப்பட்டு, அங்கே வேறொரு வரி வந்திருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல எழுத்தெழுத்தாக வாசித்தாள்.

"சத்தம் அதிகம். அறையை அமைதியாக்கவும்."

அன்று எந்த மெஷினின் சத்தம் அடங்கியது, யார் அடக்கியது, அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எட்டு மாதம் அவளைத் தின்றது என்னவென்று அவள் முகத்தில் அப்போதுதான் தெரிந்தது, அது அவளை விட்டு இறங்கிப் போவதும் தெரிந்தது. அழவில்லை. ஏசவில்லை. இவ்வளவு நிம்மதியான முகத்தை பஸீர் கல்யாண நாளில்கூடப் பார்த்ததில்லை.

"றாபியா, இங்க பாரு, நான் வேணுமெண்டு செய்யல்ல..."

"உங்களோட ஆரோ பேச நிக்கிறாங்க," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

உள்கதவு மூடியது. வெளிக்கதவு மூடியது. தாழ்ப்பாள்.

அவன் பாய்ந்து போய்க் கதவை அடித்தான். பஞ்சு அடைத்த கதவு. கை வலித்ததே தவிர, சத்தம் வரவில்லை. அவனே பார்த்துப் பார்த்துச் செய்வித்தது. கத்தினான். அவன் குரல் சுவருக்குள் போய்ச் செத்தது. றாபியா, றாபியா, நான் எல்லாருக்கும் சொல்றன், ஸஜீதாவக் கூப்பிடு, இப்பவே சொல்றன். கேட்க ஆள் இல்லை.

வீட்டின் மெயின் சுவிட்சை அவள் இறக்கியிருக்க வேண்டும். விளக்கு அணைந்தது. எல்லாம் நின்றது. பிரிட்ஜின் முனகல் இல்லை, மழை இல்லை, லொறி இல்லை. வாழ்நாள் முழுக்க அவன் ஆசைப்பட்ட அமைதி.

திரையும் அணைந்திருக்க வேண்டும்.

அணையவில்லை.

பின்பக்கம். பூச்சியம் புள்ளி மூன்று.

திரும்பக்கூடாது. திரும்பாதே. அவன் கதவில் நெற்றியை அழுத்திக்கொண்டு ஸலவாத்து ஓதப் பார்த்தான். இரண்டு வார்த்தைக்கு மேல் மூச்சுக் காணவில்லை. இழுத்தான். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தான். காற்று இருந்தது, மூக்குக்குள்தான் வரவில்லை.

கையைத் தூக்கி முகத்தைத் தொட்டுப் பார்த்தான்.

மூக்குத் துவாரங்களில் ஏதோ சொருகியிருந்தது. குளிர்ந்த, ஈரமான, மெல்லிய குழாய். கன்னத்தோடு ஓடி, இரு காதுகளுக்கும் பின்னால் வளைந்து, தாடைக்குக் கீழே ஒன்றாகச் சேர்ந்து, தோளுக்கு மேலாகப் பின்னால் போயிருந்தது. இருட்டுக்குள். கட்டில் கிடந்த இடத்துக்கு.

அது இறுகியது. கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

மறுமுனையில், கொஞ்சமும் அவசரப்படாமல், யாரோ அதைக் கைமாற்றிக் கைமாற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.