பிணம் தும்மிய பிற்பகல்!

பரமசிவத்தின் பிணம் தும்மியது.

“ஹச்!”

ஹால் முழுக்க ஜனம். அத்தனை விசும்பலும் ஒரு நொடி நின்றது!

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ரத்தினம்மா பிணத்தை முறைத்தாள். பாவி மனுஷன்! படித்துப் படித்துச் சொல்லியும் காரியத்தைக் கெடுக்கிறாரே! சட்டென்று மார்பில் அடித்துக்கொண்டு, தானும் ஒரு தும்மல் போட்டாள்.

“ஹச்! ஐயோ என் ராசா... இனிமே நான் தும்மினா நூறுன்னு சொல்ல யாரு இருக்கா...!”

அப்பாடா. ஜனம் மறுபடி அழ ஆரம்பித்தது.

பக்கத்து வீட்டு ஃபர்சானா ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

“அழாதீங்கக்கா... அண்ணன் முகத்தப் பாருங்க. தூங்கற மாதிரியே இருக்காரு லா!”

இருக்காதா பின்னே? நேற்றிரவு கோழிக்கறியை ஒரு பிடி பிடித்துவிட்டுக் குறட்டை விட்டவர் ஆயிற்றே! தேக்காப் பூக்கடையிலிருந்து வந்த ரோஜா மாலை மூக்கடியில் உறுத்தினால் தும்மாமல் என்ன செய்வார்?

ஆமாம். பரமசிவம் சாகவில்லை!

அது நாலே பேருக்குத் தெரியும். பிணம், பிணத்தின் மனைவி, மனைவியின் தம்பி அழகர்சாமி... அப்புறம் சார்ஜெண்ட் இளமாறன்.

தஞ்சோங் செராய், சாங்கி விமான நிலையத்துப் பக்கம் கடலை ஒட்டிய சின்னக் குடியிருப்பு. இரண்டு வரிசைத் தரைவீடுகள், ஒரு மணல்வெளி, தலைக்கு மேல் ஓயாத விமானச் சத்தம். போன வருஷம் குடியிருப்பாளர்கள் எல்லாரும் போலீஸோடு கைகோத்து, ‘கடலோரக் காவல் குழு’ என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். தலைவி ரத்தினம்மா. உதவித் தலைவி ஃபர்சானா. செயலாளர் ஸ்ரீராம். எல்லாருக்கும் மஞ்சள் சட்டை, விசில், டார்ச். சார்ஜெண்ட் இளமாறன் வாராவாரம் வந்து பயிற்சி கொடுத்தார்.

முதல் வருஷச் சாதனை? ஒரு உடும்பைச் சுற்றி வளைத்துப் பிடித்தது! அதுவும் நழுவிவிட்டது.

அப்புறம்தான் வினை வந்தது.

குடியிருப்பில் அடுத்தடுத்து மூன்று சாவு. மூன்று வீட்டிலும் உடலை எடுத்துக்கொண்டு எல்லாரும் கிளம்பிய பிறகு, பூட்டிய வீட்டுக்குள் நகை காலி! பூட்டு உடையவில்லை. கதவில் கீறல் இல்லை.

மூன்று சாவுக்கும் சவ வண்டி ஓட்டியவன் அழகர்சாமி. போன வாரம் அவன் சீட்டுக்கடியில் திருட்டுப் போன வளையல் ஒன்று கிடைத்தது! இப்போது ஜாமீனில் இருக்கிறான். நாளைக் காலை கோர்ட்.

“என் தம்பி திருடலப்பா!” என்று ரத்தினம்மா போய் நின்றபோது, இளமாறன் தலையைச் சொறிந்தார்.

“எனக்கும் அப்படித்தான்கா தோணுது. ஆனா ப்ரூஃப் வேணுமே?”

“திருடனுக்கு வேண்டியது ஒரு சாவு. குடுத்துடுவோம்!”

“யாரோட சாவு?”

“எங்க வீட்டுக்காரரு சும்மாதான இருக்காரு?”

இளமாறன் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

“அக்கா... என் இன்ஸ்பெக்டருக்குத் தெரிஞ்சா நிஜமாவே ஒரு சாவு விழும். என்னோடது! சரி... ஒரே ஒரு நாள். உங்க வாட்ஸ்அப் குரூப்ல சாவு நியூஸ மட்டும் போடுங்க. இது நாடகம்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. உங்க கமிட்டிக்குக் கூட! திருடன் வரலைன்னா, நாளைக்கு உங்க தம்பிய என்னால காப்பாத்த முடியாது!”

இதோ... அந்த ஒரு நாள் ஓடிக்கொண்டிருந்தது.

“நேரமாச்சு, எடுத்துடலாம்!” என்றது ஒரு குரல்.

ஜனம் எழுந்தது. வாசலில் பஸ் காத்திருந்தது. ரத்தினம்மா முழங்காலில் முகம் புதைத்து அழுதாள். ஒப்பாரி பாதி நடிப்பு என்றாலும் மீதி நிஜம். தம்பிக்கு விடிந்தால் கோர்ட் ஆயிற்றே!

காதருகே ஓர் ஆண் குரல். மெதுவாக, அடக்கமாக...

“போயிட்டு வரேன்க்கா.”

ரத்தினம்மா ஒப்பாரியைப் பாதியில் நிறுத்தினாள்!

சாவு வீட்டில் யாராவது சொல்லிக்கொண்டு கிளம்புவார்களா? அதுவும் ‘போயிட்டு வரேன்’ என்று?

விருட்டென்று நிமிர்ந்தாள். வாசலை நோக்கி நெரிசலாக வெள்ளைச் சட்டை முதுகுகள். எந்த முதுகு? தெரியவில்லை!

“கடைசிச் சடங்கு! வீட்டு ஆளுங்க மட்டும் இருங்க!” என்று அழகர்சாமி எல்லாரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான்.

பிணம் எழுந்து உட்கார்ந்தது.

“ரத்தினம்... முதுகு போச்சுடி! பெட்டியில மெத்த கூட இல்ல!”

“பேசாம உள்ள போய் ஒளிஞ்சுக்குங்க!”

“நான் உடனே டாய்லெட் போகணும்!”

“செத்தவருக்கு என்ன டாய்லெட்? போங்க சீக்கிரம்!”

நெற்றியில் காசும் முகத்தில் பவுடருமாகப் பரமசிவம் படுக்கையறைக்குள் ஓடினார். பெட்டியின் மூடி இறுகியது. கதவைத் திறந்ததும் நாலு பேர் வந்து தூக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினார்கள்.

எல்லாரும் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருக்கும்போதே சவ வண்டி நகர்ந்தது. முன் சீட்டில் ரத்தினம்மா. ஸ்டியரிங்கில் அழகர்சாமி.

“அக்கா... எவனும் வரலைன்னா?”

“வருவான்டா.”

“நாளைக்குக் கோர்ட்டுக்கு எம் பொண்ணும் வரேங்கறாக்கா. அவ மூஞ்சிய எப்படிப் பார்ப்பேன்?”

ரத்தினம்மா அவன் தலையைத் தடவினாள். அம்மா இல்லாமல் இவள் இடுப்பில் வளர்ந்தவன். இவன் போய் சாவு வீட்டில் கை வைப்பானா?

“மெதுவா ஓட்டு. பாதி வழியில பங்ச்சர்னு சொல்லி நிறுத்திடு. நான் போன் பண்ற வரைக்கும் வாயத் தொறக்காத. யார் என்ன கேட்டாலும் சரி! புரியுதா?”

“சரிக்கா.”

முனை திரும்பியதும் இறங்கினாள். பின் சந்து வழியாக வீட்டுக்குள் நுழைந்தாள். ஸ்டோர் ரூமில் வாக்குவம் கிளீனருக்கும் மடக்குக் கட்டிலுக்கும் நடுவே, தன் தொப்பையை உள்ளிழுத்தபடி நின்றிருந்தார் இளமாறன். பக்கத்தில் இவளும் ஒடுங்கிக்கொண்டாள்.

காத்திருந்தார்கள்... காத்திருந்தார்கள்...

கொசுதான் வந்தது!

இளமாறனின் போன் அதிர்ந்தது. பார்த்தவர் முகம் வெளிறியது.

“இன்ஸ்பெக்டர் கூப்பிடறாரு. மணி என்னாச்சு பாருங்க. யாரும் வரல. சாரிக்கா... நான் கிளம்பறேன்!”

“நில்லுங்க தம்பி! அவன் வருவான்!”

“எப்படிச் சொல்றீங்க?”

“அவனே சொல்லிட்டுப் போனானே! எங்காதுல ஒருத்தன் ‘போயிட்டு வரேன்க்கா’ன்னான்!”

இளமாறன் அதிர்ந்தார்.

“சாவு வீட்லயா? நான் சொல்லியிருந்தா எங்கம்மா தொடப்பத்தாலயே சாத்தியிருப்பாங்க!”

“அதான! எந்தத் தமிழனும் தெரிஞ்சு சொல்ல மாட்டான். மனசுல திரும்பி வரணும்னு கணக்குப் போட்டவன்... வாய் தவறி உண்மையச் சொல்லிட்டான்!”

“யாரு சொன்னது?”

“மூஞ்சியப் பாக்கலையே! நாசமாப்...”

க்ளிக்!

பின் கதவில் சத்தம். பூட்டு உடையவில்லை. சாவி... சாவி போட்டுத் திறக்கிறார்கள்!

ரத்தினம்மா வாக்குவம் கிளீனரைத் தாண்டிக் குனிந்தாள். ஸ்டோர் ரூம் கதவின் இடுக்கில் கண்ணை வைத்தாள்.

மஞ்சள் சட்டை!

காவல் குழுவின் மஞ்சள் சட்டை! பட்டப்பகலில் அதைப் போட்டுக்கொண்டு எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? ‘பாவம், துக்க வீட்டுக்குக் காவல் இருக்கிறார்’ என்றல்லவா நினைப்பார்கள்!

மஞ்சள் சட்டை திரும்பியது.

ஸ்ரீராம்!

கமிட்டியின் செயலாளர்! “அவசரத்துக்கு உதவும், ஆளுக்கொரு ஸ்பேர் சாவி என்கிட்ட குடுத்து வைங்க” என்று வீடு வீடாகக் கேட்டு வாங்கிய மகானுபாவன்! ரத்தினம்மாவே தன் கையால் எடுத்துக் கொடுத்தாள். அதற்கு ஒரு கைதட்டல் வேறு!

பல்லைக் கடித்துக்கொண்டு பாயப் போனவளை இளமாறன் பிடித்து நிறுத்தினார். பொருளில் கை வைக்கட்டும் என்று ஜாடை காட்டினார்.

ஸ்ரீராம் விசிலடித்தபடி படுக்கையறைக்குள் போனான். அலமாரியைத் திறந்தான். நகைப் பெட்டியை எடுத்தான். சங்கிலி ஒன்றைத் தூக்கிப் பிடித்து, வெளிச்சத்தில் பார்த்துச் சிரித்தான்.

அந்த நேரத்தில்...

சர்ர்ர்ர்!

யாருமில்லாத வீட்டில் டாய்லெட் ஃப்ளஷ் சத்தம்!

சங்கிலி கை நழுவி விழுந்தது. ஸ்ரீராம் மெல்லத் திரும்பினான்.

குளியலறைக் கதவு திறந்தது. வெள்ளை வேட்டி. பவுடர் பூசிய முகம். நெற்றியில் ஒற்றைக் காசு. கழுத்தில் ரோஜா மாலை!

“யாரு... ஸ்ரீராமா?” என்றது பிணம்.

“ஆ... ஆ... ஆவி!”

பரமசிவத்துக்கும் முதலில் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் காலையிலிருந்து கட்டை மாதிரி கிடந்த எரிச்சல் அவருக்கு. குரலைத் தாழ்த்தினார்.

“ஏன்டா... எஞ்சூடு ஆறலையே... அதுக்குள்ள அலமாரியத் தொறந்துட்டியா?”

ஸ்ரீராம் தடாலென்று காலில் விழுந்தான்.

“அண்ணே! மன்னிச்சிருங்கண்ணே! பிடிச்சுராதீங்க!”

“மத்த வீட்டுலயும் நீதானா?”

“நான்தாண்ணே! மூணுலயும் நான்தான்! எல்லாரும் குடுத்த சாவிதாண்ணே!”

“அழகர்சாமி வண்டியில வளையல்?”

“நான்தான் வச்சேன்! எல்லாச் சாவுக்கும் அவன் வண்டிதான வருது... ஈஸியா மாட்டிக்குவான்னு... என்ன விட்டுருங்கண்ணே! உங்களுக்குப் பதினாறாம் நாள் காரியத்த நானே செலவு பண்ணிச் செய்யறேன்!”

“மொதல்ல அந்த மஞ்சச் சட்டையக் கழட்டுடா!” என்று கத்தியபடி உள்ளே பாய்ந்தாள் ரத்தினம்மா.

பின்னாலேயே இளமாறன். ஒரு கையில் விலங்கு. இன்னொரு கையில் அத்தனையையும் பதிவு செய்த போன்.

ஸ்ரீராம் போலீஸைப் பார்த்தான். பிணத்தைப் பார்த்தான். பிணம் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தது.

“அண்ணே... நீங்க சாகலையா?”

“ஏன்டா, வருத்தமா இருக்கா?”

விலங்கு மாட்டியது.

ரத்தினம்மா கட்டில் விளிம்பில் தொப்பென்று உட்கார்ந்தாள். அழுதாள். இந்த முறை நாடகமில்லை. தம்பி தப்பித்துவிட்டான்! நாளைக்கு அவன் தலை நிமிர்ந்து மகள் முகத்தைப் பார்ப்பான். அது போதும் அவளுக்கு.

“அவனுக்குப் போன் போடு ரத்தினம்” என்றார் பரமசிவம். “பாவம், நடுரோட்டுல நின்னுட்டிருப்பான்.”

அவள் போனை எடுப்பதற்குள் அதுவே அலறியது.

ஃபர்சானா!

“அக்கா! மனச திடப்படுத்திக்குங்க! நீங்க எங்க இருக்கீங்க? முன் சீட்டுல உங்களையும் காணோமே!”

“என்னாச்சு ஃபர்சானா?”

“வண்டி எக்ஸ்பிரஸ்வேல பங்ச்சர். வெயில்ல அண்ணன் கெடக்கறாரேன்னு, வேற வண்டி வரவழைச்சு நாங்களே பெட்டிய எறக்கினோம். உள்ள என்னமோ உருண்டுச்சு. பயந்து போயி மூடியத் தொறந்தா... அரிசி மூட்டக்கா! அண்ணனைக் காணோம்!”

ரத்தினம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பெட்டி கனமாக இருக்கட்டும் என்று அரிசி மூட்டைகளை வைக்கச் சொன்ன புத்திசாலி அவளேதான்!

“ஃபர்சானா, நான் சொல்றதக் கேளு...”

“நீங்க கேளுங்கக்கா! எல்லாம் உங்க தம்பி வேல! நகைய விட்டுட்டு இப்பப் பொணத்தையே திருட ஆரம்பிச்சுட்டான்! எங்கடான்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறான்!”

தொறக்க மாட்டான். அக்கா சொல்லாமல் தொறக்கவே மாட்டான்!

“ஆனா விடலையே நாங்க! சார்ஜெண்ட் ட்ரெயினிங்ல சொல்லிக் குடுத்த மாதிரியே சுத்தி வளைச்சு, வண்டிச் சாவியப் புடுங்கி, போலீஸுக்கு அடிச்சாச்சு! ரெண்டு கார் வந்துருச்சு! விலங்கு மாட்டறாங்க! நம்ம குழுவோட முதல் அரெஸ்ட்டுக்கா!”

ரத்தினம்மா இளமாறனைப் பார்த்தாள். இளமாறன் கூரையைப் பார்த்தார்.

பரமசிவம் போனை வாங்கினார்.

“ஃபர்சானா... பதறாத. நான் பரமசிவம்தான் பேசறேன்.”

“வீல்ல்!” என்று ஓர் அலறல். தொடர்பு அறுந்தது.

இளமாறன் தொப்பியை எடுத்து மாட்டினார்.

“வாங்கண்ணே, இவனையும் இழுத்துக்கிட்டு ஓடுவோம்! பொணமே நேர்ல வந்து நின்னா கேஸ் நிக்காது. ஆனா தூரத்துலருந்தே கையாட்டிக்கிட்டு மெதுவா வாங்க... உங்களப் பார்த்து எவனாவது பொட்டுனு போயிட்டா, உங்க மச்சானுக்கு இன்னிக்கே அடுத்த சவாரி!”