இரண்டு தட்டு

வேனின் பின்பக்கத் தகரத்தில் இரண்டு தட்டு விழுந்தது. டப், டப். தட்ட வேண்டியவன் அவளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

"மரத்துலேர்ந்து ஏதாவது விழுந்திருக்கும்," என்றான் கணவன்.

ஒரே பஸ்ஸில் அவள் டிரைவர், அவன் கண்டக்டர். இரண்டு தட்டினால் போகலாம், ஒன்று தட்டினால் நிறுத்த வேண்டும். வீட்டில்கூட அவன் தட்டினால்தான் அவள் நகர்வாள் என்று டிப்போவில் கேலி செய்வார்கள். லீவு போட்டு மலையேறினாலும் வேலை விடாது போலிருக்கிறது என்று வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

இன்று சிரிப்பு வரவில்லை. பின் சீட்டில் மகளுக்கு மூச்சு இழுத்தது. இன்ஹேலர் காலையிலேயே தீர்ந்துவிட்டது, போனில் சிக்னல் இல்லை, அடிவாரத்துக்குப் போனால்தான் ஆஸ்பத்திரி. வெயிலில் நடக்கலாம், மழையில் நனையலாம், வருஷம் முழுக்கக் கூடாரம் போடலாம் என்று பூங்காவின் வாசல் பலகை ஆசை காட்டியிருந்தது. உள்ளே வந்தால் இவர்களைத் தவிர ஈ காக்கை இல்லை. "மூடுபனி எறங்கிட்டா வண்டிய எடுக்காதீங்க. என்ன சத்தம் கேட்டாலும் எடுக்காதீங்க," என்று வாசல் காவலர் இரண்டு முறை சொல்லியிருந்தார். மதியத்திலேயே மூடுபனி இறங்கிவிட்டது.

"அம்மா... முடியலம்மா."

"இதோ கெளம்பிட்டோம்டா தங்கம்."

கூடாரம் போட்ட இடத்தில் வண்டியைத் திருப்ப முடியாது. அகலமான பாதை வரும்வரை ரிவர்ஸிலேயே போக வேண்டும், ஒரு பக்கம் பள்ளம். "நான் பின்னாடி நின்னு தட்டறேன். நீ பாட்டுக்கு எடு," என்று கணவன் இறங்கிக் கதவைச் சாத்தினான். குளிர் மகளுக்கு ஆகாது என்று கண்ணாடிகளை ஏற்கெனவே இறுக்க மூடியிருந்தார்கள். உள்ளே ஈரக் கம்பளியின் வாடையும், கூடாரத்துத் துணியின் மக்கலும், மகளின் நெஞ்சிலிருந்து மெல்லிய விசிலைப் போல ஏறி இறங்கும் அந்தச் சத்தமும் மட்டுமே இருந்தன. வெளியே, கண்ணாடியை ஒட்டி, வெள்ளை.

டப், டப்.

எடுத்தாள். பக்கக் கண்ணாடியைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷமும் அவன் தட்டை நம்பித்தான் ஓட்டியிருக்கிறாள். சந்து பொந்திலெல்லாம் ஒரு கீறல் விழுந்ததில்லை. டயருக்கடியில் சரளை நொறுங்கியது. கொஞ்ச தூரம் போனதும் வண்டி லேசாகச் சாய்ந்தது. வரும்போது இப்படிச் சாய்ந்ததா?

"என்னங்க, சரியா வருதா?" என்று கத்தினாள்.

டப், டப்.

மகளை நினைத்துக்கொண்டு மிதித்தாள். கடவுளே, பிள்ளையை மட்டும் காப்பாற்று. இலைகள் தகரத்தில் உரசின. பிறகு உரசவில்லை. சரளைச் சத்தமும் இல்லை. மண் ஏதோ உதிர்ந்து, வெகு கீழே எங்கேயோ விழுந்தது.

டப், டப். டப், டப். அவசரமாக.

அவன் அவசரப்பட்டுத் தட்டியதே இல்லை.

முன் விளக்கின் வெளிச்சத்தில் மூடுபனி அசைந்தது. ஓர் ஆள் ஓடி வந்தான். இரண்டு கையையும் வீசிக்கொண்டு. கணவன்.

முன்னாலிருந்து.

பிரேக்கில் ஏறி நின்றாள். வண்டி முனகி, பின்பக்கம் தாழ்ந்து, நின்றது. கண்ணாடியை இறக்கினாள்.

"நிறுத்துடி!" அவனுக்கு மூச்சு வாங்கியது. "நான் பின்னாடி வர்றதுக்குள்ள எடுத்துட்டியே! நான் தட்டல... நான் தட்டவே இல்ல!"

வண்டிக்குள் ஏதோ குறைந்திருந்தது. மகளின் இழுப்புச் சத்தம். எப்போது நின்றது?

"பாப்பா?"

திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தால் வண்டி போய்விடும்.

அவளுடைய சீட்டின் முதுகில், தோளுக்குச் சற்றுக் கீழே, மெதுவாக.

டப், டப்.